மூன்று தரம் கழுவிய கிளாஸ்

அன்று சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணி. கள்ளுத் தவறணையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. தவறணையைக் குத்தகைக்கு எடுத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாதம் இரண்டு முறை ரயிலில் வருவார். தான் குடிக்கமாட்டார். கள்ளு மணம் அவருக்கு ஆகாது. லேஞ்சியால் மூக்கைப் பொத்தியபடிதான் கதைப்பார்.

அக்கா. குசினியில் மீன் பொரிப்பவர். முல்லைத்தீவுப் பக்கம். நாற்பது வயதிருக்கும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கிற துணிவு யாருக்கும் வந்ததில்லை.

விதானையார். ஊருக்குப் பெரியவர். சால்வை போடாமல் வீட்டுக் கிணற்றடிக்கும் போகமாட்டார்.

சின்னத்துரை அண்ணை. வண்டில்காரர். மாடுகளோடு கதைத்துக் கதைத்து, மெதுவாகப் பேசுவதை மறந்துவிட்டவர்.

முருகேசு அண்ணை. மரம் ஏறிக் கள்ளு இறக்குகிறவர். நாங்கள் விற்றதில் முக்கால்வாசி அவர் இறக்கியது. வேலை முடிந்தால் பின்பக்கத்தில், கள்ளு முட்டி வைக்கிற கொட்டிலில் குந்தியிருந்து குடிப்பார்.

காசிம் நானா. வவுனியா வியாபாரி. குடிக்கிற ஆள் இல்லை. வெங்காயமும் செத்தல் மிளகாயும் குசினியில் இறக்கிவிட்டு, வெளியே புளியமரத்தின் கீழே தேத்தண்ணியோடு இருந்தார்.

மதுவரி இன்ஸ்பெக்டர். புதிதாக மாற்றலாகி வந்தவர். மோட்டார் சைக்கிளில் வந்து அப்போதுதான் இறங்கினார். புருவம்வரை புழுதி. தண்ணி கேட்டார்.

நான். வயது இருபத்து நாலு. பரிமாறுகிறவன்.

இவர்களைவிட வாங்குகளில் இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் உங்களுக்குத் தேவையில்லை.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் விடுதிகளில் குளிர்ப்பெட்டி இருக்கிறது. மின்விசிறி இருக்கிறது. நல்லது. சங்கத்து மலருக்கு என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நீட்டி எழுதத் தெரியாது. கள்ளு எப்படி வடிப்பது, மேசை எப்படித் துடைப்பது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது ஒரு கிழமையில் கை பழகும். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். பிழை ஒன்றுதானா என்று கேட்காதீர்கள். மலரில் இடம் காணாது.

ஐம்பதுகளின் கடைசி. தவறணை கிளிநொச்சியிலிருந்து இரண்டு மைல், இரணைமடு வாய்க்கால் ஓரம். கிடுகுக் கூரை, மண் நிலம், மரவாங்கு. அங்கே அதுவரை கள்ளு பிளாவில்தான். பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய குவளை. சின்ன வள்ளம் மாதிரி இருக்கும். ஆள் வருவார், பிளாவை இரண்டு கையாலும் பிடிப்பார், குடிப்பார், எறிவார். பின்னேரம் முற்றம் முழுக்கப் பிளா கிடக்கும். கூட்டி எரிப்போம். மீனுக்குப் பூவரசம் இலை. அதுவும் நெருப்புக்குத்தான்.

முதலாளி ஒருமுறை கொழும்புக்குப் போய் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். அங்கே என்ன கண்டாரோ தெரியாது. அடுத்த கிழமை காசிம் நானாவின் கையால் இரண்டு பெட்டி வந்தது. ஒன்றில் வைக்கோல் சுற்றிய கண்ணாடிக் கிளாஸ் முப்பத்தாறு. மற்றதில் பீங்கான் தட்டு முப்பத்தாறு.

"இனி இது தவறணை இல்லை தம்பி. ஒரு தரமான இடம்" என்றார் முதலாளி. எனக்கு ஒரு வெள்ளை ஏப்ரன் தந்தார். ஒரு வசனமும் தந்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் நான் அதைச் சொல்லவேண்டும்: "வாருங்கள் ஐயா. அமருங்கள். தங்களுக்கு என்ன தேவை?"

அக்கா பீங்கான் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு தட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பினார். பிறகு முப்பத்தாறையும் அலுமாரியில் அடுக்கிப் பூட்டினார். திறப்பை இடுப்பில் செருகினார்.

"ஏன் பூட்டுறாய்?" என்றார் முதலாளி.

"தட்டு வேண்டாம். மீனுக்கு இலை காணும்."

"பீங்கான் எண்டால் ஒரு மதிப்பெல்லே?"

"இலை காணும்."

முதலாளி லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அன்று நான் அதைச் சாதாரணப் பிடிவாதம் என்று நினைத்தேன். அக்கா என்ன கண்டார் என்பது எனக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் விளங்கியது. அனுபவசாலி ஒருவர் காரணம் சொல்லாமல் ஒன்றை மறுத்தால், காரணம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தவர் சின்னத்துரை அண்ணை. நான் ஏப்ரனோடு நின்று வசனத்தைச் சொன்னேன்.

அவர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"உங்களோடைதான் அண்ணை."

"காய்ச்சலோ உனக்கு?"

"இல்லை. தங்களுக்கு என்ன தேவை?"

"தவறணைக்கு வந்தவனுக்கு என்னடா தேவைப்படும்? விதைநெல்லோ?"

நான் கிளாஸில் கள்ளு வார்த்துக் கொடுத்தேன். அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது கை பாதியில் நின்றது. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கை எறும்பு."

"எப்பவும் இருக்கிறதுதான் அண்ணை."

"எப்பவுமோ?"

"ஓம். பிளாவிலை தெரியாது."

அவர் பத்து வருடமாகக் குடிக்கிறவர். அந்தப் பத்து வருடத்தையும் நினைத்துப் பார்த்த மாதிரி முகம் போனது. அன்று ஒரு கிளாஸோடு எழும்பிவிட்டார். இது முதல் கரைச்சல். கண்ணாடியில் எல்லாம் தெரியும். பன்னாடையை இரண்டாக மடித்து வடித்தேன். எறும்பு போனது. அந்தக் கரைச்சல் தீர்ந்தது.

இரண்டாவது அப்படித் தீரவில்லை.

பிளாவைக் குடித்தவர் எறிந்துவிடுவார். கிளாஸை எறிய முடியாது. கழுவி, அடுத்த ஆளுக்கு வைப்போம். செவ்வாய்க்கிழமை விதானையார் வந்து இருந்தார். கிளாஸைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

"தம்பி, இதிலை எனக்கு முதல் ஆர் குடிச்சது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன். பெரிய பிழை அது. அவர் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். வாங்கில் இருந்த எல்லாரும் தங்கள் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். அரசாங்கம் காணி கொடுத்த குடியேற்றத்துக்கு எல்லா ஊரிலிருந்தும் எல்லாச் சாதியும் வந்திருந்தது. வயலில் ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சினார்கள். ஒரே முட்டிக் கள்ளைக் குடித்தார்கள். அதில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் வாய் வைத்ததில் மற்றவர் வாய் வைக்கமாட்டார். பிளா எரிந்துகொண்டிருந்த மட்டும் அந்தக் கேள்வி எழும்பவில்லை. கண்ணாடி வந்தது, கேள்வியும் வந்தது.

புதன்கிழமை விதானையார் வீட்டிலிருந்து தன் செம்பைக் கொண்டுவந்தார். வியாழக்கிழமை ஆறுபேர் ஆறு சாமானோடு வந்தார்கள். ஒருவரிடம் பித்தளை மூக்குப்பேணி. ஒருவரிடம் சிரட்டை. ஒருவரிடம் பால்மா டின். சின்னத்துரை அண்ணை மாட்டுக்குத் தவிடு அள்ளுகிற பேணியைக் கொண்டுவந்து, "இதுக்கு முதல் குடிச்சது என்ர மாடு. அதின்ரை குலம் கோத்திரம் எனக்குத் தெரியும்" என்றார். ஒன்றும் கொண்டுவராதவர்கள் வராமல் விட்டார்கள். ஐம்பது பேர் வந்த இடத்துக்கு இருபத்தைந்து பேர் வந்தார்கள்.

முதலாளி தந்தி மாதிரி ஒரு கடிதம் எழுதினார். அடுத்த சனிக்கிழமை புது இன்ஸ்பெக்டர் அனுமதிக்கு இடம் பார்க்க வருகிறார். எல்லாரும் கிளாஸில் குடிக்கவேண்டும். சத்தம் சண்டை இருக்கக்கூடாது. அன்று ஏதும் பிசகினால் தவறணையை விட்டுவிடுவார். எனக்கு வேலை இல்லை.

எனக்குக் காணி கிடையாது. குடியேற்றக் காணி என் அண்ணைக்குத்தான் கிடைத்தது. மனைவி துணுக்காயில் தாய் வீட்டில், ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. இந்த வேலை போனால் அண்ணையின் வயலில் கூலிக்கு நிற்கவேண்டும். அண்ணையைப் பற்றிப் பயமில்லை. அண்ணியின் வாயைப் பற்றித்தான்.

ஆகவே யோசித்தேன். ஆட்கள் எப்போதும் தங்கள் தங்கள் ஆட்களோடுதான் ஒரு வாங்கில் இருப்பார்கள். ஒரு வாங்குக் கிளாஸ் மற்ற வாங்குக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. சின்னத்துரை அண்ணை வண்டிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் மூன்று டின் வைத்திருந்தார். வாங்கிவந்து கிளாஸ்களின் அடியில் புள்ளி வைத்தேன். முன் வாங்குக்குச் சிவப்பு. சுவர்ப்பக்க வாங்குக்குப் பச்சை. மஞ்சள் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. ஐந்து கிளாஸுக்கு வந்தது. அதை விதானையாரின் மூலைக்கு வைத்தேன்.

முருகேசு அண்ணைக்கு நான் கிளாஸ் வைக்கவில்லை. கொட்டிலில் பழைய பிளாக் கட்டு கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்படிச் செய் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் எல்லாரும் குடித்தார்கள். நான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் விதானையார் மற்ற மேசைகளைப் பார்த்து எண்ணினார்.

"மஞ்சள் அஞ்சுதான் இருக்கு" என்றார், திருப்தியாக.

"அதுக்கென்ன?" என்றார் சின்னத்துரை அண்ணை.

"குறைவாய் இருக்கிறதுதான் உயர்ந்தது."

"கோயில் மதிலைப் பார்த்தனீங்களோ? சிவப்புத்தானே அடிச்சிருக்கு? மஞ்சளிலை அடிச்ச கோயில் எங்கை இருக்கு?"

சுவர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் எழும்பினார். "அப்ப பச்சை எண்டால் கீழோ? வயலிலை என்ன நிறத்திலை பயிர் நிக்குது? அதைத்தானே எல்லாரும் தின்னுறியள்?"

நான் சும்மா வைத்த புள்ளி. இரண்டு நாளில் அது மூன்று கட்சி ஆகிவிட்டது. பச்சைக்காரர் ஒருவரின் மாட்டைச் சிவப்புக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். அந்தப் பேச்சும் நின்றுபோனது என்று கேள்வி. வாடிக்கைக்காரருக்கு அடையாளம் வைக்காதீர்கள், பிள்ளைகளே. எதற்காக வைத்தீர்கள் என்று நீங்கள் சொல்லமுடியாது. அவர்கள்தான் சொல்வார்கள்.

இனிச் சனிக்கிழமை.

இன்ஸ்பெக்டர் தண்ணி கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவசரத்தில் கைக்கு எட்டிய கிளாஸை எடுத்துக் குடத்துத் தண்ணியை வார்த்துக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ" என்றார் விதானையார். "அது என்ர கிளாஸ்."

இன்ஸ்பெக்டர் கிளாஸை இறக்கினார். "உங்கட பெயர் எழுதியிருக்கோ?"

"புள்ளி இருக்கு."

அவர் கிளாஸைத் தலைக்கு மேலே உயர்த்தி அடியைப் பார்த்தார். கொஞ்சம் தண்ணி அவருடைய சட்டையில் சிந்தியது. பிறகு மேசை மேசையாகப் போய்க் கிளாஸ்களின் அடியைப் பார்த்தார். திரும்பி என்னிடம் வந்தார்.

"என்ன புள்ளி இது?"

முதலாளியின் லேஞ்சி மூக்கிலிருந்து வாய்க்கு வந்தது. உண்மையைச் சொன்னால், ஆளுக்கொரு வாங்கு, சாதிக்கொரு நிறம் என்று ஆகும். அது தரமான இடமில்லை என்பது எனக்கும் தெரியும். நான் யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு.

"கழுவினதுக்கு அடையாளம் ஐயா."

"நல்லது" என்றார் இன்ஸ்பெக்டர். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் கேட்டார்: "அப்ப ஏன் மூண்டு நிறம்?"

இதைக் கவனமாகக் கேளுங்கள். பொய் சொல்லத்தான் வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். நான் நிறுத்தவில்லை.

"சிவப்பு ஒருக்காக் கழுவினது. பச்சை ரெண்டு தரம். மஞ்சள் மூண்டு தரம்."



சின்னத்துரை அண்ணை எழும்பினார். "டேய். நாங்கள் ஒருக்காக் கழுவினதிலையோ குடிச்சனாங்கள்?"

"ஒருக்காவாவது கழுவியிருக்கிறான் எண்டு சந்தோசப்படு" என்றது பச்சைப்பக்கம்.

"நீ கதையாதை! உனக்கு ரெண்டு தரம் கழுவ என்ன கொடுத்தனி?"

"எத்தினை தரம் கழுவினாலும் உன்ரை வாய் ஊத்தை போகாதெண்டு தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதான் ஒருக்காவோடை விட்டிட்டான்."

விதானையார் மட்டும் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "மூண்டு தரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டு முன் வாங்கே எழும்பியது. வாங்கு சரிந்தது. நுனியில் எழும்பாமல் இருந்தவர் நிலத்தில் விழுந்தார். வெளியே காசிம் நானா தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து மாறி இருந்தார்.

"முதலாளி" என்றார் அங்கிருந்தே. "எங்கட கலியாணத்திலை ஒரு சகன் தட்டிலை ஆறுபேர் கை வைப்பம். அதைத் தாருங்கோ எண்டு கேட்டிருந்தால் ஆறு தட்டோடை முடிச்சிருப்பன். நீங்கள்தான் முப்பத்தாறு கிளாஸ் கேட்டனீங்கள்."

அந்தச் சத்தத்துக்கு முருகேசு அண்ணை கொட்டிலிலிருந்து வந்து பின் வாசலில் நின்றார். கையில் பிளா. நான் அப்போது அவரை முருகேசு என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

அவர் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, எனக்கு எத்தினை தரம் கழுவினது?"

பிளாவை உயர்த்திக் காட்டினார்.

"நான் இறக்கினது உங்கள் எல்லாற்றை வயித்துக்கையும் போகுது. அதை ஒருத்தரும் கழுவச் சொல்லேல்லை. ஒரு கிளாஸ் கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். ஏப்ரனின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெருக்கடியில் பேச்சு வராவிட்டால் கையாவது ஓடவேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை.

அப்போது குசினிக் கதவு திறந்தது.

அக்கா கடகத்தோடு வந்தார். மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருகிற கடகம். முன் வாங்கு மேசையிலிருந்து தொடங்கினார். கிளாஸைத் தூக்குவார், உள்ளே இருக்கிற கள்ளை நிலத்தில் ஊற்றுவார், கடகத்தில் போடுவார். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒன்றாக. ஒருவர் தன் கிளாஸை இறுக்கிப் பிடித்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் விட்டார். கடைசியாக இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த தண்ணிக் கிளாஸையும் வாங்கிக் கவிழ்த்தார்.

"நான் இன்னும் குடிக்கேல்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பொறுங்கோ."

குசினி வாசலில் கிழங்கு அவிக்கிற பெரிய கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. கிழங்கு இன்னும் போடவில்லை. அக்கா கிளாஸ்களைப் போட்டார். 'டிக்' என்று கேட்டது.

"ஐயோ, உடையுது!" என்றார் முதலாளி.

"உடையட்டும் முதலாளி" என்றார் காசிம் நானா. "என்னட்டை இன்னும் பெட்டி கிடக்கு."

டிக். டிக். ஒவ்வொன்றுக்கும் முதலாளியின் தோள் குலுங்கியது. பெயின்ற் இளகி, நிறம் நிறமாகத் தோலுரிந்து மேலே மிதந்தது. அக்கா கிளாஸ்களை அகப்பையால் ஒவ்வொன்றாக எடுத்து, தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குளிர்ந்த பிறகு அலசி, பாயில் கவிழ்த்தார். அதுவரை தவறணையில் ஒருவரும் இருக்கவுமில்லை, போகவுமில்லை. ஒன்பது உடைந்திருந்தது. மிச்சம் எல்லாம் ஒரே மாதிரி. நான் குனிந்து பார்த்தேன். வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை.

"எல்லாம் ஒரு தண்ணியிலை அவிஞ்சது" என்றார் அக்கா. "இனி ஆர் குடிச்ச கிளாஸ் எண்டு கண்டுபிடிக்கிறவன் இருந்தால் வரட்டும்."

ஒரு கிளாஸில் கள்ளு வார்த்தார். நேரே பின் வாசலுக்குப் போய் முருகேசு அண்ணையிடம் கொடுத்தார். கையிலிருந்த பிளாவை வாங்கி அடுப்புக்குள் எறிந்தார். இன்னொரு கிளாஸில் தண்ணி வார்த்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். பிறகு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கள்ளு வேணுமெண்டால் இந்தக் கிளாஸிலை. இந்தக் கிளாஸிலை குடியாதவனுக்கு மீன் இல்லை."

உள்ளே போய்விட்டார். கொஞ்சத்தில் சட்டியில் எண்ணெய் சீறியது.

நீங்கள் அந்த மீனைத் தின்றதில்லை. சொன்னால் விளங்காது. இரணைமடு விரால். தூளும் உப்பும் பிரட்டி வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்து, பிறகு பொரிப்பார். அந்த மணம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வரை போகும். கள்ளை விடச் சம்மதிக்கிற ஆள் அங்கே இருந்தார். அந்த மீனை விடச் சம்மதிக்கிற ஆள் குறைவு.

நாலுபேர் வெளியே போனார்கள். திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவர்களில் ஒருவர் படலை வாசல்வரை போய், எண்ணெய் சீறுகிற சத்தத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு போனார்.

முருகேசு அண்ணை குடித்தார். இன்ஸ்பெக்டர் குடித்தார். சின்னத்துரை அண்ணை பாயடிக்கு வந்து கிளாஸ்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். வைத்தார். வேறொன்றை எடுத்தார்.

"என்ன தேடுறாய்?" என்றார் விதானையார்.

"மஞ்சளை."

"கிடைச்சால் சொல்லு."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் பாயடிக்கு வந்தார்கள். விதானையார் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். அக்கா முதல் மீனை இலையில் வைத்து இன்ஸ்பெக்டருக்குக் கொண்டுவந்தார். விதானையாரின் மேசையைக் கடந்துதான் போனார். நேரான வழி அது இல்லை.

விதானையார் என்னைக் கையால் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கொதிச்ச தண்ணி எண்டால் எல்லாம் போயிடும்தானே?"

"ஓம் ஐயா. போயிடும்."

"எண்டால் ஒண்டு கொண்டுவா. மீனும் கொண்டுவா."

இன்ஸ்பெக்டர் முள்ளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார். போகும்போது என்னிடம், "தம்பி, இனிமேல் எல்லாத்தையும் ஒரேயளவாய்க் கழுவு" என்றார். அனுமதி பிறகு ஒழுங்காக வந்தது.

எனக்குத்தான் வரவில்லை. முதலாளி அன்று யாழ்ப்பாணம் போகாமல் தங்கினார். உடைந்த ஒன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"போன நாலுபேரும் ஊரெல்லாம் சொல்லுவாங்கள். நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டினம். கேள், நாளைக்கு ஆறு மணிக்குள்ளை நாப்பது பேர் வந்து கிளாஸிலை குடிச்சால் நீ இருக்கலாம். ஒண்டு குறைஞ்சாலும் நான் கடையைப் பூட்டிப்போட்டு ரயிலேறுறன். நீயும் உன்ரை அண்ணையிட்டைப் போ."

ஞாயிற்றுக்கிழமை வாசல் மரத்தூணில் கரியால் கோடு போட்டேன். ஆளுக்கொரு கோடு. காலையில் பதினொன்று. மத்தியானம் வரை இருபத்திரண்டு. போன நாலுபேரில் ஒருவர் வந்தார். சாரத்துக்குள் செம்பை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். அவர் வாங்கில் இருக்கப் போகும்போது அது விழுந்து சத்தம் போட்டது. அக்கா குசினிக்குள் இருந்தே, "செம்பிலை குடிக்கிறவைக்கு மீன் வீட்டிலை" என்றார். அவர் செம்பை என்னிடம் தந்து, கிளாஸ் வாங்கினார். கோடு போட்டேன்.

நாலு மணிக்கு முப்பத்து நாலு. ஐந்துக்கு முப்பத்தெட்டு. சின்னத்துரை அண்ணை வண்டிலை நிறுத்திவிட்டு வந்தார். முப்பத்தொன்பது.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நான் வாய்க்கால் வரம்பைப் பார்த்தேன். ஒரு நாய் வந்தது.

ஐந்தரைக்கு முருகேசு அண்ணை பின்னேரக் கள்ளோடு வந்தார். முட்டிகளைக் கொட்டிலில் இறக்கினார். கை கழுவினார். பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு முன் வாங்கில் வந்து இருந்தார். நான் வார்த்தேன். வசனத்தைச் சொல்லவில்லை. "அண்ணை, மீன் கொண்டுவரட்டோ?" என்றேன். "கொஞ்சம் கருகினதாய்க் கொண்டுவா" என்றார்.

ஆறு மணிக்கு முதலாளி தூணடிக்கு வந்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"முப்பத்தொன்பது. ஒண்டு குறையுது."

"முருகேசு அண்ணை இருக்கிறார்."

"அவன் எங்கட ஆள். கொண்டுவாறவன். அவனை எண்ணேலாது."

"கிளாஸிலை குடிக்கிறார் முதலாளி."

"குடிச்சால்? சனம் வேறை, அவன் வேறை."

நான் அதுவரை முதலாளிக்கு எதிர்க்கதை கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை. கரியை எடுத்துக் கோடு போட்டேன். அழுத்திப் போட்டதில் கரி உடைந்தது. முதலாளி தூணைப் பார்த்தார். முன் வாங்கைப் பார்த்தார். லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

நாற்பது.